தந்தையின் தவ்பாவும் மக்களின் உரிமையும்

திருமறையின் 66-ஆவது அத்தியாயமாகிய ‘தஹ்ரீம்’ ஒரு வீட்டின் செய்தியோடு தொடங்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சியை முன்வைத்துத் தொடங்கும் அவ்வத்தியாயம், ஆறாவது வசனத்தில் ஈமான் கொண்டோரை விளித்து, முதலில் தம்மையும், பின்னர்த் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பினின்று காத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. இரண்டு வசனங்கள் தள்ளி, எட்டாவது வசனத்தில், ‘நஸூஹ்’ என்னும் அடைமொழி பெற்ற தவ்பாவைச் செய்யுமாறு கட்டளையிடுகிறது. குடும்பத்தைக் காக்கும் கட்டளையும், தூய தவ்பாவின் கட்டளையும் இவ்வளவு நெருங்கி நிற்பதை நம்மில் எத்தனை பேர் ஊன்றி நோக்கியிருப்போம்?

‘நஸூஹ்’ என்னும் சொல்லை அரபு அகராதிகளில் தேடிப் பார்ப்போர்க்கு வியப்பு காத்திருக்கிறது. நூன், ஸாத், ஹா என்னும் மூவெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் அது. நஸீஹத், அதாவது நன்மை நாடிக் கூறும் அறிவுரை, அதே வேரினது. மெழுகு கலவாத தூய தேனுக்கும் அவ்வேரிலிருந்தே அடைமொழி உண்டு. தையற்காரருக்கு ‘நாஸிஹ்’ என்றும், அவர் தைக்கும் நூலுக்கு ‘நிஸாஹ்’ என்றும் பழைய அரபிகள் வழங்கினர். கிழிந்ததைத் தைப்பது, கலப்பின்றித் தூயதாயிருப்பது, பிறர் நன்மையை நாடுவது ஆகிய மூன்று பொருளும் ஒரே சொல்லுக்குள் அடங்கியுள்ளன. (நாம் ஓதும் ஹஃப்ஸ் அவர்களின் ஓதலில் ‘நஸூஹ்’ என்று வரும் இச்சொல், ஷுஃபா அவர்களின் ஓதலில் ‘நுஸூஹ்’ என்று வருகிறது. மதறஸா மாணவர்களுக்கு இது தெரிந்ததே.)

இச்சொல்லையே கதைத் தலைவனின் பெயராக்கி, தகப்பன் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்னும் கேள்வியையே கதையாக்கி, 1870-களில் உருது மொழியில் ஒரு நாவல் வெளிவந்தது. ‘தவ்பத்துன் நஸூஹ்’ என்பது அதன் பெயர். எழுதியவர் டிப்டி நஸீர் அஹ்மத். உருது நாவல் இலக்கியத்தின் தந்தை என்று பலரும் அவரைக் குறிப்பிடுவர். இன்றளவும் அச்சில் இருந்து வரும் அந்நூலை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தான் கைக்கொள்ளாத ஒழுக்கத்தைத் தன் பிள்ளைகளிடம் கேட்கும் உரிமை ஒரு தகப்பனுக்கு உண்டா? உண்டாயின், எந்த நிபந்தனையின் பேரில்?

ஆசிரியரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிஜ்னோர் மாவட்டத்தில் பிறந்த நஸீர் அஹ்மத், சிறு வயதிலேயே தில்லிக்கு வந்து, பள்ளிவாசலில் தங்கி ஓதியவர். அக்காலத்து ஏழை மாணவர்களைப் போல, அவரும் வீடு வீடாகச் சென்று ரொட்டி பெற்று வந்து உண்டவர். ஆசிரியரின் வீட்டில் அவருக்கு மசாலா அரைக்கும் வேலை. அவ்வீட்டுச் சிறுமி ஒருத்தி, அரைக்கும் கையின் விரல்களில் அடித்துத் துன்புறுத்துவாளாம். அச்சிறுமியே பிற்காலத்தில் தமக்கு மனைவியானதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டதாக, அவருடைய மாணவர் மிர்ஸா ஃபர்ஹத்துல்லாஹ் பேக் எழுதி வைத்திருக்கிறார். பின்னர் தில்லிக் கல்லூரியில் அரபு பயின்று, பள்ளி ஆய்வாளராகவும் டிப்டி கலெக்டராகவும் பணியாற்றி, இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருதுவாக்கியதில் பங்குகொண்டு, முதுமையில் திருமறையையும் உருதுவில் பெயர்த்து, 1912-இல் மறைந்தார்.

அவர் நாவல் எழுதப் புகுந்ததே தம் பிள்ளைகளுக்காகத்தான். பெண் மக்கள் படிப்பதற்குத் தகுந்த நூல் உருதுவில் இல்லையே என்று, தம் வீட்டுப் பெண்களுக்காக அவர் எழுதத் தொடங்கியதே 1869-இல் வெளிவந்த ‘மிர்ஆத்துல் அரூஸ்’. அதற்கு முந்திய ஆண்டில்தான் வடமேற்கு மாகாண அரசு, நாட்டு மொழிகளில் பயனுள்ள நூல் எழுதுவோர்க்குப் பரிசு உண்டு என அறிவித்திருந்தது. அப்பரிசு அவர் நூலுக்குக் கிட்டியது. ‘தவ்பத்துன் நஸூஹ்’ அவ்வரிசையில் பின்னர் வந்தது. ஆங்கிலேயக் கல்வி அதிகாரியான கெம்ப்ஸன் 1884-இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கதையின் எலும்புக்கூட்டை ‘ராபின்ஸன் குரூஸோ’ எழுதிய டேனியல் டீஃபோவின் ‘குடும்ப ஆசான்’ என்னும் பழைய நூலிலிருந்து நஸீர் அஹ்மத் எடுத்துக்கொண்டார் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அதில் குறை காண நமக்கு மனமில்லை. எலும்பு லண்டனுடையதாயினும், தசையும் குருதியும் தில்லியினுடையவை.

கதை இதுதான். தில்லியில் காலரா பரவுகிறது. நஸூஹின் வீட்டிலும் மரணம் நுழைகிறது. அவருடைய தந்தையாரே மையித்தாகிறார். அடுத்து நஸூஹும் அந்நோயில் விழுகிறார். மருத்துவர் தந்த மருந்தில் உறக்கம் கவிகிறது. அவ்வுறக்கத்தில் ஒரு கனவு. மாபெரும் கச்சேரி ஒன்று. எள் விழ இடமின்றி மக்கள் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் குற்றப் பத்திரிகை. டிப்டி கலெக்டராயிருந்தவர் எழுதிய கதையல்லவா, மறுமை மன்றமும் ஏறத்தாழ ஜில்லாக் கோர்ட்டைப் போலவே இருக்கிறது! அக்கூட்டத்தில், அண்மையில் மறைந்த தம் தந்தையார் விசாரணைக் கைதியாக நிற்பதை நஸூஹ் காண்கிறார். உலகில் நல்லவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர். தொழுகையும் நோன்பும் உள்ளவர். ஆனால் அவர் கையிலிருக்கும் பத்திரிகையோ குற்றங்களால் நிரம்பியிருக்கிறது.

கனவினின்று விழித்த நஸூஹ் வேறு மனிதராகிறார். ‘நல்லவர்’ என்று ஊர் சொன்ன தந்தைக்கே இந்நிலை என்றால், தொழுகையையே விட்டிருந்த நம் நிலை என்ன என்னும் அச்சம் அவரைப் பிடிக்கிறது. அது தன்னளவில் நின்றிருந்தால் கதையே இல்லை. தான் கெட்டது மட்டுமன்றி, தன் கண் முன்னே ஒரு குடும்பமே கெட்டு வளர்ந்திருக்கிறது, அதற்குப் பொறுப்பாளி தானே என்னும் உணர்வே அவரை உறங்கவிடாமல் செய்கிறது. மணமாகிக் குழந்தையும் பெற்ற மகள் நயீமா, மூத்த மகன் கலீம், பள்ளியில் படிக்கும் அலீம், சிறுவன் ஸலீம், எல்லார்க்கும் இளையவள் ஹமீதா. இத்தனை பேருக்கும் உணவும் உடையும் கொடுத்தார். தீனைக் கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் நஸூஹ் செய்த முதற்காரியத்தை நாம் மிக உயர்வாக மதிக்கின்றோம். மறுநாள் காலை எழுந்து, “இன்று முதல் இவ்வீட்டில் எல்லாரும் தொழ வேண்டும்” என்று அவர் முழங்கவில்லை. மனைவி ஃபஹ்மீதாவைத் தனியே அமர்த்தி, கனவை ஒளிக்காமல் சொல்லி, பிள்ளைகளின் கேட்டுக்குத் தாமே காரணம் என்று ஒப்புக்கொள்கிறார். இருபது ஆண்டுகளாகக் குடும்பத் தலைவராயிருந்த ஒருவர், மனைவியின் முன்னிலையில் இவ்வாறு பேசுவது எளிதன்று. அன்றைய தில்லியின் கனவான்களுக்குள் அது மிக அரிது. இன்றைக்கும் நம் வீடுகளில் அதனை அடிக்கடி காண முடிகிறதா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். ஃபஹ்மீதா என்பதற்கு ‘விளங்கிக்கொண்டவள்’ என்பது பொருள். அந்த அம்மையார் பெயருக்கேற்ப விளங்கிக்கொள்கிறார். பெண் மக்கள் அவர் பொறுப்பு, ஆண் மக்கள் நஸூஹின் பொறுப்பு என்று இருவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

சிறியவர்களிடம் காரியம் எளிதாக நடக்கிறது. புதிதாகத் தொழத் தொடங்கிய தந்தையைக் கண்டு, இவர் என்ன செய்கிறார், யாரிடம் கேட்கிறார் என்று ஹமீதா தாயை வினவுகிறாள். பசித்தால் உணவு தருபவன் ஒருவன் இருக்கிறான், இதுவரை அவனுக்கு நாம் நன்றி கூட சொல்லவில்லையே என்று அக்குழந்தை கலங்கும்போது, விடை சொல்ல வேண்டிய தாய்க்கே கண் கலங்குகிறது. வினா குழந்தையிடமிருந்து பிறந்தது. பிறக்கச் செய்ததோ தந்தையின் சொல்லன்று, அவர் நின்று தொழுத செயல்.

ஸலீமின் செய்தி இதனினும் சுவையானது. தந்தை அவனை அழைத்து மெல்ல விசாரிக்கும்போதுதான், அந்தச் சிறுவன் தமக்கு முன்னமே திருந்தத் தொடங்கியிருப்பது நஸூஹுக்குத் தெரிய வருகிறது. அவன் பள்ளியில் நான்கு சகோதரர்கள் படிக்கின்றனர். வசைச்சொல் அறியாத, சண்டைக்குப் போகாத ஏழைப் பிள்ளைகள். அவர்களின் பாட்டியார் ஹஸ்ரத் பீ. அவ்வீட்டுக்கு முதன்முதலாகச் சென்ற ஸலீம், அந்த மூதாட்டிக்கு ஸலாம் கூடச் சொல்லாமல் அமர்ந்திருக்கிறான். சொல்ல வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. அம்மூதாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நீ ஸலாம் சொல்லாவிட்டாலும் உனக்கு துஆச் செய்வது என் கடன் என்னும் கருத்துப்படக் கூறி, நீடு வாழ வாழ்த்துகிறார். சிறுவன் நாணி எழுந்து ஸலாம் சொல்கிறான். பிற்பாடு அவ்வீட்டை அவன் விடவில்லை. வசைபாடும் வழக்கம் போயிற்று, சூதாட்டச் சீட்டு போயிற்று, பொய் போயிற்று.

நாம் இந்நூலை எத்தனை முறை ஓதினாலும் இவ்விடத்தில் சற்று நின்றே செல்கின்றோம். ஹஸ்ரத் பீயிடம் செல்வமில்லை, அதிகாரமில்லை, பிரம்பில்லை. அவரிடம் இருந்தது, சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே விரிசல் இல்லாத தன்மை. அவர் துஆச் செய்வதைக் கடன் என்று சொன்னால், அது கடனாகவே அவர் உள்ளத்தில் இருந்தது. குழந்தைகள் இதனை அளந்து விடுகின்றனர். எந்தப் படியால் அளக்கின்றனரோ நாம் அறியோம். ஆனால் அளவு தவறுவதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது நடந்ததாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. அவரை அவருடைய தாயார், “வா, உனக்கொன்று தருகிறேன்” என்னும் பொருள்பட அழைக்கிறார். அங்கிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், என்ன தரப் போகிறாய் என்று வினவுகின்றனர். பேரீச்சம்பழம் என்று அம்மையார் விடை சொல்கிறார். ஒன்றும் கொடாதிருந்தால், அது உன் கணக்கில் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். ஒரு பேரீச்சம்பழம்! பெரியவர்களுக்கு அது பேச்சின் ஓட்டத்தில் வரும் சொல். எழுதும் மலக்குகளுக்கோ அது சாட்சியம். வாசலில் கடன்காரர் வந்து நிற்கும்போது “அத்தா வீட்டில் இல்லை என்று சொல்” எனப் பிள்ளையை அனுப்பும் தந்தை, இரயிலில் அரை டிக்கெட்டுக்காக மகனின் வயதைக் குறைத்துச் சொல்லும் தாய், அழாதிருந்தால் பொம்மை வாங்கித் தருவேன் என்று சொல்லி மறந்துவிடும் பாட்டி ஆகிய எல்லாரும் அதே வீட்டில் மாலையில் பிள்ளைக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகின்றனர். பிள்ளை இரண்டு பாடங்களையும் கற்றுக்கொள்கிறது. எதனைப் பேசும்போது கைக்கொள்வது, எதனை நடக்கும்போது கைக்கொள்வது என்பதையும் கற்றுக்கொள்கிறது.

நஸூஹின் வீட்டுக்குத் திரும்புவோம். பெரியவர்களிடம் வரும்போது கதை கசக்கத் தொடங்குகிறது. நயீமா தன் கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டிருக்கிறாள். ஹமீதா குழந்தையை இறக்கிவிட்டுத் தொழ நின்றுவிடுகிறாள். குழந்தை அழவே, சினந்த நயீமா தொழுகையிலிருந்த சிறுமியைத் தள்ளிவிடுகிறாள். தாய் கண்டிக்க, மகள் தொழுகையையே இகழ்ந்து பேச, தாயின் கை மகளின் கன்னத்தில் விழுகிறது. மணமான பெண், குழந்தைக்குத் தாயானவள், அடிபட்ட அவமானத்தில் உணவின்றிக் கதவடைத்துக் கிடக்கிறாள். அவளை மீட்பவள், சின்னம்மா மகள் ஸாலிஹா. அவள் வந்து அமர்ந்து, வாதாடி, சிரிக்க வைத்து, உண்ண வைத்துத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே, தீன் இயல்பாகப் புழங்கும் வீட்டில் தங்கித்தான் நயீமா மாறுகிறாள். தாய் வீட்டில் அடியால் நடவாதது, பிறர் வீட்டில் அமைதியால் நடந்தது. ஆசிரியர் இதனை வெளிப்படச் சொல்லவில்லை. கதையே சொல்லிவிடுகிறது.

கலீமிடம் அதுவும் நடக்கவில்லை. கலீம் கவிஞன், சதுரங்கம் ஆடுபவன், நண்பர் கூட்டத்தில் திளைப்பவன். தந்தை அழைத்து அனுப்புகிறார், அவன் வரவில்லை. தம்பி சொல்கிறான், தாய் கெஞ்சுகிறாள், தந்தை கடிதமும் எழுதுகிறார். அவன் அசையவில்லை. கடைசியில் ஒருநாள், சொல்லிக்கொள்ளாமல் வீட்டைவிட்டே வெளியேறுகிறான். அவனுடைய வாதம் என்ன? என்னை இவ்வாறு வளர்த்தவர் அவரே. என் கவிதையைக் கேட்டு மகிழ்ந்த வீடு இது. ஒரு காய்ச்சலில் அவர் மாறிவிட்டார் என்பதற்காக, வளர்ந்து முடிந்த நான் ஒரே இரவில் மாற வேண்டுமோ? நூலில் அவன் பலபடப் பேசுவதன் சாரம் இதுவே. அவன் வாழ்க்கை முறையை நாம் ஏற்கவில்லை. அவன் கேள்வி நியாயமற்றதென்று தள்ளவும் நம்மால் இயலவில்லை.

இங்கேதான் நாம் முதலில் கேட்ட கேள்வி கூர்மையடைகிறது. அமல் இல்லாதவர் நஸீஹத் செய்யலாமா? மார்க்க அறிஞர்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே விவாதித்துள்ளனர். தாம் செய்யாததைப் பிறர்க்குச் சொல்வோரைத் திருமறை கடுமையாகக் கண்டிக்கிறது. அதனை வைத்து, பாவமற்றவர் மட்டுமே நன்மையை ஏவலாம் என்று சிலர் கருதினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் அதனை மறுத்தார்கள். பாவமற்றிருத்தல் நிபந்தனையாயின், நன்மையை ஏவுதற்கு உலகில் ஒருவரும் எஞ்சார் என்பது அவர்களின் வாதம். ஆகவே குறையுள்ள தகப்பனும் பிள்ளையைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். நஸூஹ் வாய் திறந்தது தவறன்று.

அப்படியாயின், தந்தை தம் பழைய பாவங்களையெல்லாம் பிள்ளைகள் முன் விரித்துரைக்க வேண்டுமா? இல்லை. அல்லாஹ் மறைத்த பாவத்தை விடிந்ததும் ஊருக்குச் சொல்லித் திரிபவனை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்துரைத்த செய்தி புகாரியில் உள்ளது. தனக்கும் தன் ரப்புக்கும் இடைப்பட்ட பாவம், அங்கேயே இருக்க வேண்டியது. உண்மை பேசுதல் என்பதற்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுதல் என்று பொருள் இல்லை. இக்காலத்தார் சிலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

ஆனால் ஃபிக்ஹு நூல்களில் தவ்பாவின் நிபந்தனைகளைப் படித்தோர்க்கு மற்றொன்றும் தெரியும். பாவத்தை விடுதல், வருந்துதல், திரும்பச் செய்யாதிருக்க உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் அல்லாஹ்வின் உரிமை பற்றிய பாவங்களுக்குப் போதும். அடியார் ஒருவரின் உரிமை பறிபோயிருந்தால் நான்காவதொன்று சேரும். உரிமையை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் பொறுப்புக் கேட்க வேண்டும். பிள்ளைக்கு நல்ல வளர்ப்பு அளித்தல் தந்தையின் தயவன்று, பிள்ளையின் உரிமை. அவ்வுரிமையை இருபது ஆண்டுகள் கொடாதிருந்தவர் தவ்பாச் செய்கையில், கடன் கொடுத்தவரின் இடத்தில் நிற்பவன் யார்? கலீம்தான். அந்தச் சதுரங்கக்காரன்தான், அந்தக் கவிஞன்தான்.

நஸூஹ் அல்லாஹ்விடம் தவ்பாச் செய்தார், மனைவியிடம் ஒப்புக்கொண்டார், சிறுவர்களிடம் கனிந்து பேசினார். மூத்த மகனிடம் மட்டும் அவர் குரல் மாறிவிடுகிறது. அங்கே, கடன்பட்டவர் பேசும் குரலைவிட, கடன் கேட்பவர் பேசும் குரலே ஓங்கி நிற்கிறது. மகனை மாடிக்கு வரச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்புகிறாரே தவிர, தாம் படியிறங்கி மகனின் அறைக்குப் போகவில்லை. மகன் வெளியேறும்வரை, தந்தையும் மகனும் முகம் பார்த்துப் பேசும் காட்சி நூலில் இல்லவே இல்லை. நூஹ் (அலை) அவர்கள் மலைபோன்ற அலைகளுக்கு நடுவிலும், “என் அருமை மகனே” என்று தம் வாயாலேயே அழைத்தார்கள் என்பதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. லுக்மான் (அலை) அவர்களும் அவ்வாறே அழைத்தார்கள். அரபியில் அது ‘யா புனய்ய’ என்னும் சிறுமைப் பெயர். வளர்ந்த மகனையும் மடியில் வைத்துப் பேசும் சொல்.

மகன் போன பின்பு நஸூஹ் அவன் அறைகளுக்குள் நுழைகிறார். அங்கே படங்களும், ஆட்டக் கருவிகளும், அலமாரி நிறையப் புத்தகங்களும். காதற்கதைகளும் கவிதைகளும் பொன் எழுத்து அட்டைகளில். அனைத்தையும் முற்றத்தில் குவித்துத் தீயிடுகிறார். ஃபஹ்மீதா திகைத்துக் கேட்க, விடை கூறுமிடத்தில் ஒரு பழஞ்செய்தி வெளிப்படுகிறது. முன்பு மனைவிக்கு ஸஅதீயின் ‘குலிஸ்தான்’ கற்பித்தபோது, பெண் படிக்கத் தகாதெனத் தாம் கருதிய இடங்களை அவர் மறைத்தே கொடுத்தாராம். தில்லி வீடுகளில் அறநூலாக ஓதப்பட்ட குலிஸ்தானுக்கே இந்நிலை!

இச்செயலை அக்காலத்தார் பலர் புகழ்ந்தனர், பிற்காலத்தார் பலர் இகழ்ந்தனர். நாம் கேட்பது வேறு. அப்புத்தகங்கள் அங்கே முளைத்தனவா? ஆண்டுக்கணக்கில், அதே கூரையின்கீழ், தந்தையின் பணத்தில் சேர்ந்தவை. அவற்றை ஒருநாளும் புரட்டிப் பார்க்காத கை, உரியவன் இல்லாத நேரத்தில் எரிக்க மட்டும் நீள்கிறது. தீமையென்று அவற்றை அவர் நம்பினார் என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தீயில், தம் கவனக்குறைவின் சாட்சியங்களும் சேர்ந்தே எரிந்தன. (ஆசிரியரின் வாழ்விலும் இது வேறு வகையில் திரும்பி வந்தது. முதுமையில் அவர் எழுதிய ‘உம்மஹாத்துல் உம்மா’ என்னும் நூலின் நடை பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, அதன் படிகள் தீயிடப்பட்டன. அன்று அவர் கலீமின் அலமாரியை நினைத்தாரா, யார் கண்டார்.)

கடுமையின் விளைவைப் பற்றி இப்னு கல்தூன் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில் எழுதியிருப்பதைக் கல்வித் துறையினர் அறிவர். அடக்குமுறையில் வளரும் மாணவனின் உற்சாகம் குன்றும், சோம்பல் சேரும், அடிக்கு அஞ்சி உள்ளொன்றும் புறமொன்றுமாகப் பேசப் பழகுவான், பின்னர் அதுவே அவனுக்கு இயல்பாகிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இன்னும் நுட்பமாகச் சொன்னார்கள். குழந்தை ஒருமுறை தவறு செய்து, அதனை மறைக்கவும் முயன்றால், தெரியாதது போல இருந்துவிட வேண்டும், திரையைக் கிழிக்கலாகாது. மீண்டும் செய்தால் தனியே கண்டிக்க வேண்டும். ஓயாது கண்டிக்கவும் கூடாது, கண்டனம் காதுக்குப் பழகிவிட்டால் உள்ளத்தில் இறங்காது. பாடம் முடிந்த பின் குழந்தைக்கு விளையாட்டு வேண்டும், இல்லையேல் உள்ளம் செத்துவிடும் என்றும் எழுதினார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. ஓதும் பள்ளிகளில் அன்றாடம் பிள்ளைகளோடு பழகும் நம் போன்றோர், இதனை மனப்பாடமாக வைத்திருந்தாலும் மிகையாகாது.

வீட்டை விட்டுப் போன கலீமுக்கு நேர்ந்தது, நூலின் மிக நகைச்சுவையான பகுதி. மிர்ஸா ஸாஹிர்தார் பேக் என்னும் நண்பனின் மாளிகையை நம்பிப் போகிறான். ‘ஸாஹிர்தார்’ என்றால் வெளித்தோற்றத்தைப் பேணுபவன் என்று பொருள். பட்டும் அத்தருமாகத் திரிந்த அம்மனிதனுக்கு மாளிகையே கிடையாது என்பது அன்றிரவு தெரிகிறது. பாழடைந்த பள்ளிவாசலில் நண்பனை இருத்தி, வறுத்த கடலையைக் கொண்டுவந்து, அதன் மணத்தையும் சுவையையும் அரச விருந்துபோல் மிர்ஸா வருணிக்கும் காட்சியைப் படித்துச் சிரிக்காதார் இல்லை. காலையில் கலீம் காவலரிடம் சிக்குகிறான். அவனை யாரென்றே அறியேன் என்னும் பாங்கில் மிர்ஸா நடந்துகொள்கிறான். கடைசியில் தந்தை அடையாளம் சொன்ன பிறகே விடுதலை. தந்தையின் புதிய தீனை வேஷமென்று ஒதுக்கிய மகன், உண்மையான வேஷத்திடம் போய்ச் சேர்ந்தான் என்பதில் ஆசிரியரின் குறும்பு தெரிகிறது. ஆனால் மெய்யையும் வேஷத்தையும் பிரித்தறியும் கண்ணை அவனுக்குச் சிறு வயதில் யாரும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே நாம் படிக்கின்றோம். ஸலீமுக்கு ஹஸ்ரத் பீ கிடைத்தார். கலீமுக்குக் கிடைத்தவர்கள் அவன் கவிதைக்குக் கைதட்டியவர்கள்.

அதன்பின் சொத்தை விற்று, பணத்தைக் கரைத்து, கடனுக்காகச் சிறை புகுந்து, தௌலதாபாத் சமஸ்தானத்தில் கவிதையால் பிழைக்கப் போய், போர்வீரனாகிப் படுகாயமுற்றுத் திரும்புகிறான். நஸூஹ் அவனைக் கைவிடவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். கடனிலிருந்து மீட்டவரும் அவரே. பிள்ளையின் கேடு முழுவதையும் தந்தையின் கணக்கில் எழுதுவதும் சரியன்று. நாம் முதலில் குறிப்பிட்ட ‘தஹ்ரீம்’ அத்தியாயமே, நூஹ் (அலை), லூத் (அலை) ஆகிய நபிமார் இருவரின் மனைவியரை எடுத்துக்காட்டி, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நேர்வழி பெறாதோர் உண்டு என்று முடிவை நோக்கிச் செல்கிறது. நூஹ் (அலை) அவர்களின் மகன் அலையில் மூழ்கியது, தந்தையின் வளர்ப்பில் குறையிருந்ததாலன்று. ஆகவே, பிள்ளை கெட்டுவிட்டதைக் கண்டு ஒரு வீட்டைப் பழிப்பதற்கு ஊராருக்கு உரிமை இல்லை. அந்தத் தந்தைக்கு மட்டுமே தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் உரிமை உண்டு.

கலீமைத் தூக்கி வந்தவர்கள் அவனைச் சேர்த்த இடம் தந்தையின் வீடன்று, தங்கை நயீமாவின் வீடு. இப்போது கணவனோடு அமைதியாக வாழும் அந்தப் பெண், அவனைத் தன் வீட்டில் கிடத்திப் பணிவிடை செய்கிறாள். பெற்றோர் அங்கேதான் வருகின்றனர். படியிறங்கி மகனின் அறைக்கு வராத நஸூஹ், இப்போது மகள் வீட்டுக்கு நடந்து வந்து, மகனின் கட்டிலருகே நிற்கிறார். டீஃபோவின் கதையில் மூத்த மகன் கையிழந்து திரும்பி, தந்தையோடு உறவு கூடாமலே, மனந்திரும்பாமலே மடிகிறான். நஸீர் அஹ்மத் மற்றவற்றையெல்லாம் அந்நூலின் வழியே கொண்டுசென்றாலும், இவ்விடத்தில் மூலத்தை விட்டு விலகினார். கலீம் தன் வாழ்வை எண்ணி அழுது, தவ்பாச் செய்து, பெற்றோரின் முன்னிலையில் உயிர் துறக்கிறான்.